விழும் இடமும் வியர்க்கும் இடமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் திருவரங்குளத்தைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து முந்திரியும் தைலமரமும் தொடங்கிவிடும். செம்புறாங்கல் பூமி. அக்னி நட்சத்திர நாட்களில் நண்பகல் வெப்பம் 38, 39 டிகிரியில் நிற்கும். சில நாள் 40-ஐத் தொடும். தாரின் மேற்பரப்பு 60 டிகிரியைக்கூடத் தாண்டும். அந்த நேரத்தில் வம்பன் நால்ரோட்டைக் கடக்கும் இருசக்கர வாகனங்களைக் கவனித்தால், ஓட்டுகிறவர்கள் வெயிலுக்கு நன்றாகவே ஆயத்தமாகி வந்திருப்பது தெரியும். ஆண்கள் கழுத்தில் நனைத்த துண்டு. பெண்கள் கையில் முழங்கையைத் தாண்டி நீளும் பருத்திக் கையுறை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா. எக்ஸெல் மொபெட்டில் உர மூட்டை ஏற்றிப் போகிறவர் சட்டைக்கு மேல் இன்னொரு பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பார். சறுக்கி விழுந்தால் தோலைக் காப்பாற்ற மட்டும் இவற்றில் ஒன்றும் உதவாது.

விழுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சாலையோரச் செம்மண் சரளை வளைவுகளில் தாரின் மேல் பரவிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் உளுந்துச் செடியையும் ரோட்டிலேயே காயப்போட்டு, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிடுவது தமிழகம் எங்கும் உள்ள பழக்கம். ஆடு குறுக்கே வரும், மயிலும் வரும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 விழுக்காட்டினர், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு மற்ற எல்லா மாநிலங்களையும் விட அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105.

தலைக்குச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதற்கு 2021 ஜூன் முதல் தடை. கழுத்துக்குக் கீழே அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஜாக்கெட் வாங்கப் போகிறவர் கடைக்காரரின் சொல்லையும் தன் புத்தியையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. 39 டிகிரியில் ஜாக்கெட்டா என்று சிரிக்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பாதுகாப்பு கூடினால் புழுக்கமும் கூடியே தீரும் என்பது. உடம்பு எங்கே அடிபடுகிறது, எங்கே வியர்க்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்த அனுமானம் பாதிதான் சரி.

முதலில் விழுவதைப் பார்க்கலாம். வண்டியிலிருந்து விழும்போது உடம்புக்கு இரண்டு வேறு சங்கதிகள் நடக்கின்றன: கீழே மோதுவது, பிறகு தேய்ந்துகொண்டே போவது. மோதலின் வலிமை வண்டியின் வேகத்தைவிட விழும் உயரத்தைச் சார்ந்தது. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தோள் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் செங்குத்து வேகம் மணிக்கு 18 கி.மீ. அளவு. எக்ஸெல்லில் 30-இல் போனாலும் சரி, புல்லட்டில் 90-இல் போனாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. மரத்திலோ எதிரே வரும் வண்டியிலோ மோதினால் கதை வேறு. அங்கே எந்த ஜாக்கெட்டுக்கும் பெரிய வேலை இல்லை.

தேய்வதற்கு வண்டியின் வேகமே எல்லாம். துணிக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.6 என்று வைத்துக்கொண்டால், 50 கி.மீ. வேகத்தில் விழுந்தவர் சுமார் 16 மீட்டர் சறுக்கி, இரண்டரை வினாடியில் நிற்பார். வேகம் 70 என்றால் 32 மீட்டர். வேகத்தில் 20 கி.மீ. கூடியதற்குச் சறுக்கும் தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. தூரம் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால் வந்த வினை இது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கி.மீ. வேகத்தில் சுமக்கும் ஆற்றல் ஏறத்தாழ 6,750 ஜூல். அது முழுவதும் அந்த இரண்டரை வினாடிக்குள் வெப்பமாகவும் தேய்மானமாகவும் மாற வேண்டும். யாருடைய தேய்மானம் என்பதுதான் கேள்வி.

பருத்திச் சட்டை உடனே கிழிந்துவிடும். பாலியஸ்டர் டிராக் சூட் இன்னும் மோசம்: 255 டிகிரியை ஒட்டி உருகி, புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஜீன்ஸ் தடிமனாக இருப்பதால் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோடரிக் வுட்ஸ் உருவாக்கிய சோதனைக் கருவி அந்த நம்பிக்கைக்கு மரியாதை தரவில்லை. 60-ஆம் எண் உப்புத்தாள் பட்டை ஒன்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும். அதன் மேல் துணித்துண்டு ஒன்றை இறக்கி, ஓட்டை விழும்வரை நேரத்தைக் குறிப்பார்கள். சாதாரண டெனிம் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் கதையை முடித்துக்கொள்கிறது. அந்தக் கருவியை அடிப்படையாகக் கொண்ட பழைய ஐரோப்பியத் தரம், தோள், முழங்கை போன்ற இடங்களுக்குக் குறைந்தது 4 வினாடி கேட்டது. உயர்நிலைக்கு 7 வினாடி.

இந்தப் பழைய தரத்தைத் தாண்டத் தோல் உடைகளால் மட்டுமே எளிதில் முடிந்தது. 2020-இல் வந்த புதிய தரமான இஎன் 17092 உடைகளை வகுப்புகளாகப் பிரித்தது. சோதனை முறையும் மாறியது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தின் பெயரைத் தாங்கிய கருவியில், துணித்துண்டைச் சுழலவிட்டுக் குறிப்பிட்ட வேகம் வந்ததும் கான்கிரீட் பலகை மேல் போடுவார்கள். தானாக நிற்கும்வரை அது தேயும். ஓட்டை விழாவிட்டால் தேர்ச்சி. அதிகம் அடிபடும் இடங்களில் ஏஏஏ வகுப்புக்கு 120 கி.மீ., ஏஏ வகுப்புக்கு 70, ஏ வகுப்புக்கு 45 என்பவை அந்தச் சோதனை வேகங்கள். பி வகுப்பு என்பது தேய்மானத்தில் ஏ போன்றதே, ஆனால் அடியைத் தாங்கும் பேட் கிடையாது. சி வகுப்பில் பேட் மட்டும் இருக்கும். சட்டைக்கு உள்ளே போடும் வலையுடுப்பு அது. சாலையில் தேய்வதற்கு எதிராக அது எந்த உத்தரவாதமும் தராது.

அந்தத் தரத்தின் நுட்பம் வகுப்புகளைவிட மண்டலங்களில் இருக்கிறது. உடம்பின் எல்லா இடமும் ஒரே அளவில் தரையைத் தொடுவதில்லை என்பது பல்லாண்டுகளாக விபத்துக்குள்ளானவர்களின் கிழிந்த உடைகளை விரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தி. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகியவை முதல் மண்டலம். அக்குள், கையின் உட்புறம் போன்றவை கடைசி மண்டலம். ஏஏ வகுப்பு உடையில் முதல் மண்டலம் 70 கி.மீ. சோதனையைத் தாங்க வேண்டும். கடைசி மண்டலத்துக்கு 25 போதும். அடிபடும் பகுதி என்பது உடம்பின் ஓரங்களும் மூட்டுகளும்தான்.

வியர்வைக்கும் இதுபோல ஒரு வரைபடம் இருக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்மித், ஹேவனித் இருவரும் விளையாட்டு வீரர்களின் உடம்பில் உறிஞ்சு தாள்களை ஒட்டி, எங்கே எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். நடு முதுகும் கீழ் முதுகும் முதலிடம். கைகளில் அதைவிட மிகக் குறைவு. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். அடி ஓரங்களில் விழுகிறது. வியர்வை நடுவில் ஊறுகிறது. ஓரங்களில் கனத்த துணியும் நடுவில் வலையும் வைத்தால் இரண்டு தேவையும் பெரும்பாலும் ஒன்றையொன்று இடிக்காமல் தீரும். நல்ல மெஷ் ஜாக்கெட்டைச் செய்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மோசமானதைச் செய்கிறவர்கள் தோள் முதல் மணிக்கட்டு வரை ஒரே வலையை இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். அது காற்றோட்டமாகத்தான் இருக்கும், விழும்வரை.

ஆகவே கடையில் ஜாக்கெட்டைக் கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியது தோள் முனையும் முழங்கையின் வெளிப்பக்கமும். அங்கே கண்ணுக்குத் துளை தெரியாத, நெருக்கமாக நெய்த துணி இருக்க வேண்டும். இரட்டை அடுக்காக இருந்தால் இன்னும் நல்லது. துணியின் கனத்தை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் பெரிதென்றால் துணி வலிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 500 டெனியர் உயர்வலு நைலான், 600 டெனியர் சாதாரண பாலியஸ்டரைவிடத் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். கார்டுரா என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இந்த வகை நைலான்.

மெஷ் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றலாம். கரூரில் கொசுவலை பின்னும் எந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்படை புதிதாக இருக்காது. இரண்டும் நெடுக்குப் பின்னல் குடும்பத்தைச் சேர்ந்தவை: ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடு கண்ணி போட்டுக்கொண்டு போவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் ஸ்வெட்டர் போல வரிசையாகப் பிரிந்து போகாது. வேறுபாடு நூலின் கனத்திலும் கண்ணியின் அளவிலும்தான். கொசுவலைக்குப் பாலிஎத்திலீன் ஒற்றை இழை போதும். ஜாக்கெட்டுக்குக் கனத்த நைலானோ பாலியஸ்டரோ பல இழையாக முறுக்கிப் பின்ன வேண்டும். பெரிய துளைகளில் சாலையின் கல்முனை மாட்டிக் கிழிக்கும். கண்ணி சிறிதாகவும் பின்னல் தடிமனாகவும் இருக்கும் வலையே எடுக்கத் தகுந்தது. திருவரங்குளம் பக்கத்துச் சரளையை நினைத்தால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

அராமிட் என்ற இழையையும் சில ஜாக்கெட்டுகளில் உட்பக்கம் வைக்கிறார்கள். 1965-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் செய்த கண்டுபிடிப்பு வழியாக வந்த கெவ்லார் இந்த இனம். உருகாது, மிகு வெப்பத்தில் சிதையும், அவ்வளவே. ஆனால் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. மஞ்சள் நிற அராமிட் துணி வெளியே தெரியும்படி தைத்த உடை, புதுக்கோட்டை வெயிலில் மாதங்கள் செல்லச் செல்ல வலுவிழக்கும். அது உள் அடுக்காக மறைந்திருப்பதே முறை.

இனி வெப்பத்தின் கணக்கு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

தோலின் வெப்பம் சுமார் 34, 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வீசும் காற்று உடம்பின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். காற்று 39 டிகிரி என்றால் திசை மாறிவிடுகிறது: அது உடம்புக்குச் சூடு ஏற்றுகிறது, வேகமாகப் போகப் போக அதிகமாக ஏற்றுகிறது. அப்போது உடம்பிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மணிக்கு அரை லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் அது ஏறக்குறைய 330 வாட் குளிர்ச்சி. ஆவியாகாமல் சொட்டிப் போகும் வியர்வையால் எந்தப் பயனும் இல்லை. நீர்புகா லைனர் வைத்த ஜாக்கெட்டைக் கோடையில் போட்டுக்கொண்டு, உள்ளே தெப்பலாக நனைந்தும் சூடு தணியாமல் தவிக்கிறவருக்கு நடப்பது அதுதான். மழைக்கான லைனர் கழற்றக்கூடியதா என்று கேட்டு வாங்க வேண்டும். நிரந்தரமாகத் தைத்திருந்தால் அந்த ஜாக்கெட் ஊட்டிக்கு.

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு இரண்டு விதமாக வரும். 35 டிகிரித் தோலில் உள்ள ஈரத்தின் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். திருவரங்குளத்தில் நண்பகல் காற்று 39 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று கொண்டால் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 2.1. வித்தியாசம் 3.5. அதே நேரத்தில் கோட்டைப்பட்டினம் கடற்கரையில் 34 டிகிரி, 70 விழுக்காடு ஈரம் என்றால் வித்தியாசம் 1.9-தான். தெர்மாமீட்டரில் ஐந்து டிகிரி குறைந்தும் கடற்கரையில் வியர்வையை இழுக்கும் விசை பாதியாகிவிட்டது. கடலோரத்தில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் காற்று முழுவதும் தேவை. வலை எவ்வளவு திறந்திருந்தாலும் நல்லது. உள்நாட்டில் ஓட்டுகிறவருக்கு இழுவிசைக்குக் குறைவில்லை. அவருக்குத் தீர்ந்துபோவது தண்ணீர்.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பைக் ஓட்டுகிறவர்களிடையே இதை ஒட்டி நெடுங்காலமாக ஒரு வழக்கு ஓடுகிறது. 43, 45 டிகிரியில், நெடுஞ்சாலை வேகத்தில், முழு வலை ஜாக்கெட் வியர்வையை அது ஊறும் வேகத்தைவிடச் சீக்கிரம் உலர்த்திவிடும். உலர்ந்த தோலின் மேல் அனல் காற்று பட்டால் சூடு உள்ளேதான் போகும். அதனால் அங்கே சிலர் ஜாக்கெட்டின் காற்று வழிகளைப் பாதி மூடி, உள்ளே நனைத்த சட்டை போட்டு ஓட்டுகிறார்கள். திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு 40, 50 கி.மீ. வேகத்தில் போய்வருகிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம், வலையே போதும். ஆனால் மே மாத மதியத்தில் திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் 80-இல் ஓட்டுகிறவருக்கு அரிசோனாக்காரர்களின் யோசனை பொருந்தும். ஒரு பனியன் 200 மில்லி தண்ணீரைப் பிடித்துக்கொண்டால், அது ஆவியாக 4.8 லட்சம் ஜூல் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காற்றே தந்துவிடும் என்றாலும், மிச்சம் உடம்பிலிருந்து கழியும். கழுத்தில் ஈரத் துண்டு போடும் விவசாயி இதைப் பாடப் புத்தகம் இல்லாமலே செய்து வந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: துண்டின் முனை சக்கரத்துக்குத் தொங்காமல் ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும்.

நிறம் பற்றி எழும் விவாதமும் சுவையானது. பாலைவனத்து பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்ற கேள்விக்கு 1980-இல் நேச்சர் இதழில் ஒரு பதில் வந்தது. கறுப்பு அங்கி அதிக வெயிலை உள்வாங்கினாலும், அது தொளதொளவென்று இருப்பதால் உள்ளே ஓடும் காற்று அந்தச் சூட்டைத் தோலுக்குப் போகவிடாமல் கொண்டுபோய்விடுகிறது. கறுப்பிலும் வெள்ளையிலும் உடம்புக்கு வந்து சேரும் சூடு ஒன்றே என்று கண்டார்கள். இதைச் சொல்லிக் கறுப்பு ஜாக்கெட் விற்கிறவர்கள் உண்டு. பைக் ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்பதை அவர்கள் சொல்வதில்லை. நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் அளவுக்கு வெயில் இறங்கும்போது, உடம்போடு ஒட்டிய தோள்பட்டைத் துணி வெளிறிய நிறத்தில் இருப்பதே உத்தமம். எதிரே வரும் லாரிக்காரர் கண்ணிலும் அது படும். கடையில் தொங்குவது பெரும்பாலும் கறுப்புதான். அழுக்குத் தெரியாது என்பது காரணமாக இருக்கலாம்.

இனி பேட். நல்ல பேட் கையில் மெத்தென்று இருக்கும். இதுவா காப்பாற்றப் போகிறது என்று சந்தேகம் வரும். கிணற்று மேட்டிலிருந்து குதித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: மெல்ல இறங்கினால் வழிவிடும் தண்ணீர், வயிறு பட விழுந்தால் கல்லாகிவிடும். பேட் செய்யும் பாலிமர்களும் வேகத்துக்கு ஏற்பக் குணம் மாறுபவை. மெல்ல வளைத்தால் இளகும். அடி விழுந்தால் வினாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் இறுகி, விசையைப் பரப்பிவிடும். இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய டி3ஓ நிறுவனம் இதைப் பரவலாக்கியது. இஎன் 1621 என்ற தரத்தில் 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு பேட் மேல் விழவிட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பார்கள். கை கால் பேட்களுக்கு முதல் நிலை என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள்; இரண்டாம் நிலை என்றால் 20-க்குள்.

வெயில் ஊர்க்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு நுணுக்கம் இந்தத் தரத்துக்குள் இருக்கிறது. வழக்கமான சோதனை நடப்பது 23 டிகிரியில். 40 டிகிரியில் சோதிப்பது விருப்பத் தேர்வு. வேகத்துக்கேற்ப இறுகும் பாலிமர் சூட்டில் இளகும் பாலிமரும்தான். அதிகம் இளகினால் அடி விழும்போது போதிய அளவு இறுகாமல் போகலாம். 40 டிகிரியில் தேறிய பேட்டின் மேல் டி (T) என்ற எழுத்தும் கூட்டல் குறியும் அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய வாங்குநருக்கு அது கூடுதல் சிறப்பு. திருவரங்குளத்தில் அது அன்றாட நண்பகல். பேட்டை ஜாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, நிலை எண்ணையும் இந்தக் குறியையும் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். பேட்டை எடுக்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்தியச் சந்தையில் ‘சிஇ சான்று பெற்றது’ என்று, அதாவது ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்றது என்று சொல்லப்படும் ஜாக்கெட்டுகளில் பலவற்றில் சான்று உள்ளேயிருக்கும் பேட்டுக்கு மட்டுமே இருக்கும். துணிக்கும் தையலுக்கும் எந்தச் சோதனையும் நடந்திருக்காது. முழு உடைக்கும் சான்று இருந்தால் உட்பக்கத் துணிச்சீட்டில் பைக் ஓட்டுநரின் சின்னமும், பக்கத்தில் ஏ அல்லது ஏஏ போன்ற வகுப்பும், இஎன் 17092 என்ற எண்ணும் இருக்கும். வலை ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஏ வகுப்பில் நிற்கின்றன. ஏஏ கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலைக்கும் தகும்.

இரண்டு வரைபடங்களும் மோதிக்கொள்ளும் ஓரிடம் உண்டு: முதுகு. அதிகம் வியர்ப்பதும் அங்கே. பெரிய பேட் வந்து காற்றை அடைப்பதும் அங்கே. பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் இருப்பது வெறும் ஸ்பாஞ்சு. அது காற்றையும் அடைக்கும், அடியையும் தடுக்காது. அதை எடுத்து எறிந்துவிடலாம். அதற்குப் பதில் துளைகள் உள்ள, சான்று பெற்ற முதுகுப் பேட்டை வாங்கி வைப்பதா என்பது விவாதத்துக்குரியது. தண்டுவடக் காயங்களில் பல, முதுகில் நேரடி அடி விழுவதால் வருபவை அல்ல. உடம்பு மடங்கியோ முறுகியோ வருபவை. அவற்றை எந்தப் பேட்டும் தடுக்காது. ஊருக்குள் ஓட்டுகிறவர் முதுகுப் பேட்டின் புழுக்கத்தால் ஜாக்கெட்டையே வீட்டில் விட்டுப் போகக்கூடும் என்றால், அதை எடுத்துவிட்டு ஜாக்கெட்டைப் போடுவது புத்திசாலித்தனம். நெடுந்தூரப் பயணத்துக்கு அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

தோல் ஜாக்கெட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர்போன ஊர்கள். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. தேய்மானத்தைத் தாங்குவதில் நல்ல மாட்டுத்தோலுக்கு இணை சொல்வது இன்றும் கடினம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடுகிறவர்கள் சென்னை வெயிலிலும் முழுத்தோல் உடைதான் அணிகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஓட்டம் சில சுற்றுகளில் முடிந்துவிடும். இறங்கியதும் நிழலும் தண்ணீரும் காத்திருக்கும். ஆலங்குடி தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இத்தனைக்கும் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் விபத்துக்குள்ளான 212 பேரை லிஸ் டி ரோம் குழுவினர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுகள் உண்டு என்கின்றன. பைக் ஜாக்கெட் அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைவாக இருந்தது. கையுறையில் இந்தக் குறைவு 59 விழுக்காடு! விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார்கள். அதே ஆய்வில், அணிந்திருந்த ஜாக்கெட்டுகளில் 29.7 விழுக்காடு விபத்தில் கிழிந்தோ தையல் விட்டோ தோற்றுப்போயின என்றும் தெரிந்தது. எலும்பு முறிவைத் தடுப்பதில் உடைக்கு எல்லை உண்டு. தோலையும் சதையையும் காப்பதே அதன் முதல் வேலை. அந்தத் தோல்விக் கணக்கின் தொடர்ச்சியாக, 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மோட்டோகேப் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கடைகளில் விற்கும் உடைகளை வாங்கி வந்து, பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண்ணும் வெக்கையில் காற்றோட்டத்துக்கு இன்னொரு மதிப்பெண்ணும் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். நம் நாட்டில் அப்படி யாராவது செய்தால் தமிழ்நாட்டு மே மாதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அளவில் ஏமாறக் கூடாது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால், விழும்போது முழங்கைப் பேட் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். ஜாக்கெட்டை மாட்டி, வண்டி ஓட்டும் நிலையில் கையை நீட்டி, இன்னொருவரை முழங்கைப் பேட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். எளிதில் திரும்பினால் மேற்கை, முன்கைப் பட்டிகளை இறுக்கிப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் அது அவருக்கான ஜாக்கெட் அல்ல. உள்ளே பருத்தி பனியன் ஒன்று போதும். ஓடும்போது நனைந்த பருத்தி நன்றாகவே குளிர்விக்கும், டவுன் நெரிசலில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் ஒட்டும்.

விலை சில ஆயிரங்களில் தொடங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர், ஹெல்மெட்டுக்கு அடுத்து உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை, அதற்கடுத்து வலை ஜாக்கெட் என்ற வரிசையில் போகலாம். வாங்கிய ஜாக்கெட்டைக் கோடையில் அடிக்கடி துவைக்க வேண்டும். வியர்வை உப்பு ஜிப்பையும் தையலையும் அரிக்கும். பேட்களைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுவது போதும். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போகும்போது ஜாக்கெட்டை வெயிலில் டேங்க் மேல் விரித்துவிட்டுப் போகாமல் கையோடு எடுத்துப் போவது நல்லது. நின்றுபோன வண்டியின் மேல் கிடக்கும் துணியை ஆற்றக் காற்று இல்லை. 40 டிகிரியில் சோதித்த பேட்டுக்கு அங்கே எத்தனை டிகிரி ஏறும் என்பதை யாரும் சோதிக்கவில்லை.